கைக்குழந்தைக்குத் திருமுழுக்கு: இப்போதே கொடுப்பதா, காத்திருப்பதா?

பாளையங்கோட்டைத் தகப்பன் (கேள்வி)

எங்கள் மகனுக்கு நான்கு மாதம் முடியப்போகிறது. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்னும் புராட்டஸ்டண்ட் சபையில் குழந்தையாக ஞானஸ்நானமும் (திருமுழுக்கை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), பின்னர் வளர்ந்து விசுவாசத்தை நானே அறிக்கையிட்டுத் திடப்படுத்தலும் பெற்றவன். மனைவி கத்தோலிக்கர், எங்கள் திருமணம் தூத்துக்குடியில் அவருடைய பங்கு ஆலயத்தில் நடந்தது. திருமுழுக்கை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று மாமியார் ஒவ்வொரு நாளும் சொல்கிறார். அவருடைய முதல் குழந்தை பிறந்த அன்றே, திருமுழுக்குப் பெறாமலே இறந்துவிட்டது என்பதும், அந்த அச்சம் நாற்பது ஆண்டுகளாக அவரை விடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பெந்தெகொஸ்தே சபைக்குச் சென்றுவிட்ட என் அக்காவோ, விசுவாசிக்கத் தெரியாத பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றுவது வெறும் சடங்கு என்றும், அவன் வளர்ந்து தானே கேட்கும்வரை பொறுக்க வேண்டும் என்றும் சொல்கிறார். இருவரையும் புண்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் என்னைக் குடைகிற கேள்வி வேறு: ஒன்றும் அறியாத குழந்தைக்குக் கொடுக்கும்போது அதன் பொருள்தான் என்ன? சி.எஸ்.ஐ.யில் இருக்கும் என் அண்ணன் ஞானத்தகப்பனாக, அதாவது பிள்ளையின் விசுவாச வளர்ப்புக்குத் துணைநிற்பவராக, நிற்க முடியுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற உபதேசியார்

எளிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி ஞானப்பெற்றோராக நிற்பவர் பொதுவாகப் பதினாறு வயது நிறைந்தவராகவும், உறுதிபூசுதலும் (நீங்கள் சொல்லும் திடப்படுத்தல்) நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராகவும் இருக்க வேண்டும்; பெற்ற தாய் தகப்பன் அந்த இடத்தில் நிற்க முடியாது. ஒருவர் இருந்தாலே போதும். ஆகவே உங்கள் மனைவி வீட்டார் ஒருவரை ஞானத்தாயாக வைத்து, திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர் என்ற முறையில் உங்கள் அண்ணனைச் சாட்சியாக அவருடன் நிறுத்தலாம். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இனி, குழந்தைக்கு எப்படி விசுவாசம் இருக்கும் என்பது. நான் முப்பது ஆண்டுகள் பெற்றோருக்குத் தயாரிப்பு வகுப்பு எடுத்தவன். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, பிரியாணிக்கு ஆள் சொல்லியாகிவிட்டது, வகுப்பைத்தான் அரை மணி நேரத்தில் முடிக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் நான் சடங்கின் வரிசையை மட்டும் கவனிக்கச் சொல்வேன். ஆலய வாசலில் குரு முதலில் கேட்பது பெற்றோரிடம்: குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள், திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள்? தண்ணீர் ஊற்றுமுன், தீமையை விட்டுவிடுகிறீர்களா, விசுவசிக்கிறீர்களா என்ற வினாக்களும் பெற்றோரிடமும் ஞானப்பெற்றோரிடமுமே கேட்கப்படுகின்றன. குழந்தையிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அது கொடையைப் பெறுகிறது. வாக்குக் கொடுப்பவர்கள் நீங்கள். மும்முறை தண்ணீர் ஊற்றி, உச்சியில் கிறிஸ்மா என்னும் புனிதத் தைலம் பூசி, வெள்ளாடை அணிவித்த பின், கிறிஸ்துவின் உயிர்ப்பைக் குறிக்கும் பெரிய பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரியைக் குழந்தையின் கையில் கொடுப்பதில்லை, தகப்பனிடமோ ஞானத்தகப்பனிடமோதான் கொடுக்கிறார்கள். அந்தச் சுடரைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பது அங்கேயே தெரிந்துவிடும். இதனால்தான், பிள்ளை கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கைக்கு இடமே இல்லாவிட்டால் திருமுழுக்கைத் தள்ளிவைக்கவும் சட்டம் சொல்கிறது.

உங்கள் மாமியாரைப் பற்றி ஒரு சொல். அவர் காலத்துப் பெண்களுக்கு, திருமுழுக்குப் பெறாமல் இறந்த சிசுக்கள் இறைவனைக் காண முடியாத ஓரிடத்தில் இருக்கும் என்றே சொல்லிக்கொடுக்கப்பட்டது. அது திருச்சபை வரையறுத்த விசுவாசப் போதனையாக எப்போதும் இருந்ததில்லை. இன்றைய மறைக்கல்வி நூல் அத்தகைய குழந்தைகளை இறை இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. 2007-இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு வெளியிட்ட ஆவணமும் அவர்களுடைய மீட்பை நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்கிறது. பேரனின் திருமுழுக்குக்கு முன் இதைப் பங்குத்தந்தையே அவரிடம் உட்கார்ந்து பேசினால் நல்லது. நாம் சொன்னால் அவர் நம்பமாட்டார்.

பெந்தெகொஸ்தே சகோதரி

கேட்டவரின் அக்கா நிலையில் நானும் இருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். வேதத்தில் மனந்திரும்புதலும் விசுவாசமும் முன்னே வருகின்றன, ஞானஸ்நானம் பின்னே வருகிறது. எத்தியோப்பிய மந்திரி தானே கேட்டுத் தண்ணீரில் இறங்கினார். அதனால் எங்கள் சபைகளில் குழந்தையைப் பிரதிஷ்டை செய்து, அதாவது கடவுளுக்கு ஒப்புக்கொடுத்து, ஜெபிப்போம், முழுக்கு ஞானஸ்நானத்தை அவர்களே கேட்கும் வயதுக்கு விட்டுவிடுவோம். ஆயினும் உபதேசியார் ஐயா சொன்னதைப் படித்தபோது ஒன்றை ஒப்புக்கொள்ளத் தோன்றியது: பிரதிஷ்டையிலும் வாக்குக் கொடுப்பவர்கள் பெற்றோர்தாம். என் தம்பி மகனுக்குச் சடங்கு நடந்த அன்று நான் போகாமல் இருந்துவிட்டேன். இரண்டு ஆண்டுகளாகியும் அந்த வீட்டில் பழைய பேச்சு திரும்பவில்லை. உங்கள் அக்காவை அழையுங்கள். கொள்கையை மாற்றிக்கொள்ளச் சொல்லாமல், பிள்ளைக்காக ஜெபிக்க மட்டும் அழையுங்கள்.

நாசரேத்துக்காரன்

சி.எஸ்.ஐ.காரர்களுக்கு இதில் குழப்பமே வேண்டியதில்லை. 1947-இல் ஒன்றாக இணைந்த ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் எல்லாமே குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவை. லீதியாளும் பிலிப்பி சிறைக்காவலனும் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றதை அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்த வீடுகளில் கைக்குழந்தை இருந்ததா என்று மட்டும் வேதம் சொல்லவில்லை, ஆகவே அதை வைத்து எந்தப் பக்கமும் வழக்கில் வென்றுவிட முடியாது. நண்பருக்கு ஒரு நினைவூட்டல்: திருமணத்துக்கு முன் உங்கள் மனைவி, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாக வாக்குக் கொடுத்திருப்பார், அதை உங்களுக்கும் தெரிவித்திருப்பார்கள். திரியைக் கையில் வாங்குமுன், ஞாயிறு தோறும் பிள்ளையை யார் எங்கே அழைத்துச் செல்வது என்பதை இருவரும் வெளிப்படையாகப் பேசி முடியுங்கள். என் வீட்டில் அதைப் பேசாமல் விட்டதன் விளைவாக, புதுநன்மை (முதல் நற்கருணை) வகுப்பு வந்தபோது பெரிய சண்டை நடந்தது.

பாளையங்கோட்டைத் தகப்பன்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு மனைவியும் நானும் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைத்தான் முதலில் பேசினோம். இதுவரை நான் அதைத் தவிர்த்தே வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு என்று முடிவாகியிருக்கிறது. அண்ணன் சாட்சியாக நிற்பார். பங்குத்தந்தை வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து மாமியாருடன் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அன்று மாலை கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று மட்டும் மாமியார் சொன்னார், நான்தான் வண்டி ஓட்டிச் சென்றேன்.