இலங்கையின் வில்பத்து தேசியப் பூங்காவில் கண்டது, இன்னும் மனசை விட்டுப் போகாதது

வவுனியாப் பெடியன்:
போன ஆனி, பாலைப்பழக் காலம். கரடிக்கெண்டே போனனாங்கள். சிவப்புப் புழுதி றோட்டில ரெண்டு மணித்தியாலமா மானும் மயிலும்தான். பிறகு சாரதி நிப்பாட்டி, மேல பாருங்கோ எண்டார். பாலை மரத்தில 20 அடி உயரத்தில தாய்க்கரடி. கொப்பை வளைச்சு, சொண்டால பழத்தை உருவி உருவித் தின்னுது. கீழ குட்டி, விழுற மஞ்சள் பழங்களைப் பொறுக்குது. அதுக்குள்ள ஆறேழு ஜீப் வந்து மரத்தடியைச் சுத்தி நெருக்கினது. குட்டி அடிமரத்தைக் கட்டிப்பிடிச்சுக் கத்தினது பாருங்கோ, அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ள நிக்குது. தாய் சறுக்கி இறங்கின வேகத்தில மரப்பட்டை உரிஞ்சு தெறிச்சுது. நெருக்கினதில எங்கட ஜீப்பும் ஒண்டு.

மன்னார்க் காத்து:
தம்பி, 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல காடு கிடக்கு, எல்லாரும் ஒரே மரத்தடிக்கு ஓடுறியள். வில்பத்து எண்டால் வில்லுகள்தான். மழைத்தண்ணியில நிறைஞ்சு கிடக்கிற இயற்கைக் குளங்களைத்தான் அங்க வில்லு எண்டுறது. 1988இல பூட்டின காட்டை 2003இல திறந்த பிறகு போனனான். விடியக்காலை, ஒரு வில்லின்ர வெள்ளை மணலில சிறுத்தை ஒண்டு தண்ணி குடிச்சுது. நாக்குப் பட்ட இடத்திலயிருந்து வட்டம் வட்டமா அலை அக்கரை வரைக்கும் போனது. வேற ஒரு அசைவும் இல்லை. கரடியை விட அதுதான் எனக்குப் பெரிசு.

ரீச்சர் அக்கா:
அண்ணை, தம்பி சொன்னது கரடி பெரிசோ சிறிசோ எண்டில்லை. நான் சிறுத்தையின்ர வாலை மட்டும்தான் கண்டனான், அதுவும் பத்தைக்குள்ள. ஆனால் போறவைக்கு ஒண்டு சொல்லுறன். சனி ஞாயிறில போகாதேங்கோ. ஒரு சாரதி கண்டதை மற்றவைக்குப் போன் அடிச்சுச் சொல்லுறதாலதான் கூட்டம் சேருது, அதால வெளிக்கிட முதலே உங்கட சாரதியோட கதையுங்கோ. எஞ்சினை நிப்பாட்டச் சொல்லுங்கோ. மரத்தில கரடி நிண்டால் அது இறங்கிப் போக ஒரு பக்கம் வெறுமையா விடுங்கோ. குட்டியோட நிக்கிற தாய் வழியில்லாட்டில் பாயும். பிள்ளையளுக்குக் காட்டவெண்டு ஆரும் கைதட்டிக் கூப்பிடாதேங்கோ, பாத்திருக்கிறன்.

புத்தளத்தான்:
தம்பி, குட்டி தாயின்ர முதுகில ஏறினதோ?

வவுனியாப் பெடியன்:
ஓம் அண்ணை. ரெண்டு தரம் வழுக்கி, மூண்டாந்தரம் மயிரைக் கவ்விப் பிடிச்சு ஏறினது. தாய் முறிச்ச கொப்பு ஒண்டு பழத்தோட றோட்டில கிடந்தது. பின்னால வந்த ஜீப் அதுக்கு மேலால ஏறிப் போச்சு.