ஸ்டீரியோஸ்கோப்புக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

செ.ரா.:
அனைவருக்கும் வணக்கம். 1900ஐ ஒட்டிய அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் விடுமுறைப் பொழுதுபோக்குகள் பற்றிய சிறுவர் நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஏழங்குல நீள அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படங்கள். அதைக் கைப்பிடி வைத்த மரக்கருவியில் செருகி முன்னும் பின்னும் நகர்த்தினால் இரண்டும் ஒன்றாகி ஆழம் தெரியும். வீடே கைமாற்றிப் பார்த்திருக்கிறது. கருவிக்கு ஒரு சொல், அட்டைக்கு ஒரு சொல் தாருங்கள்.

த.மு.:
திண்ணோக்கி. திண்+நோக்கி, கண்+நீர் கண்ணீர் ஆன அதே புணர்ச்சி. கிரேக்க ‘ஸ்டீரியோஸ்’ என்பதற்கும் கெட்டி, உறுதி என்றே பொருள். வள்ளுவரின் ‘கற்பென்னும் திண்மை’யும் அதுதான்.

ந.கோ.:
ஐயா, திண்ணோக்கி என்றால் என் மாணவர்கள் திண்ணையைத் தேடுவார்கள். ஸ்டீரியோஸ்கோப் என்றே இருக்கட்டுமே.

த.மு.:
மொழிமுதலில் ‘ஸ்’ஸா? தொல்காப்பியம் கிடக்கட்டும், ஸ்டீரியோ என்றால் இன்று பாட்டுக் கேட்கும் பெட்டி அம்மா!

வி.:
ஆங்கிலேய அறிவியலாளர் வீட்ஸ்டன் 1838இல் விளக்கிய கருவியில் முகம் பார்க்கும் வகைக் கண்ணாடிகள்தாம். வில்லை (லென்ஸ்) வைத்தது ஸ்காட்லாந்து அறிவியலாளர் புரூஸ்டர். நூலில் வருவது அமெரிக்க மருத்துவர் ஹோம்ஸ் 1861இல் செய்த கைக்கருவி. அவர் காப்புரிமை வாங்காததால் ஆளாளுக்குச் செய்து விற்றார்கள். எல்லாவற்றுக்கும் பொது, ஒரு கண்ணுக்கு ஒன்றாக இரண்டு படம். ஆகவே இணைப்பட நோக்கி, இணைப்படம்.

ந.கோ.:
‘இணைப்படம்’ மின்னஞ்சல் இணைப்புபோல் இருக்கிறது. இரட்டைப்படம்? 1939இல் வந்த வியூமாஸ்டர் என்ற படம் பார்க்கும் கருவியின் வட்டுக்கும் பொருந்தும். ஏழு காட்சிக்குப் பதினான்கு படம்.

த.மு.:
பார்க்கும்போது இரட்டை எங்கே இருக்கிறது? ஒன்றாவதுதானே அதிசயம்!

செ.ரா.:
இன்னொரு சிக்கல். நகைச்சுவை அட்டை வரிசை ஒன்றில், கணவன் சமையற்காரியைக் கொஞ்சியது கோட்டு முதுகில் பதிந்த மாவுக் கைத்தடங்களால் மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது. சிறுவர் நூல் என்பதால் நீக்கிவிடலாமா?

வி.:
நீக்கிவிடுங்கள். மாவு என்றாலே தோசைதான் நினைவுக்கு வரும்.

செ.ரா.:
சரி, பதிப்பகத்தார் இருமுறை அழைத்துவிட்டார்கள். இரட்டைப்பட நோக்கி, இரட்டைப்படம் என்று அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் ஸ்டீரியோஸ்கோப்.

ந.கோ.:
அப்பாடா. ஆதரிக்கிறேன்.

வி.:
நானும். இதற்குமேல் தெம்பில்லை.

த.மு.:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் பார்க்கலாம். அப்புறம், ‘நோக்கி’ கருவியா, நோக்கும் ஆளா என்று இதுவரை யாரும் கேட்கவே இல்லையே?