புதுப்பிப்பு: நீட்சியில் பதில் வராத சிக்கல் தீர்ந்தது

மதுரை மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் கடை வைத்திருக்கும் என் மாமாவுக்காக எழுதிய குரோம் நீட்சியில் (உலாவியுடன் சேர்க்கும் சிறு நிரல்), கன்டென்ட் ஸ்கிரிப்ட் (வலைப்பக்கத்துக்குள் ஓடும் பகுதி) அனுப்பும் செய்தி சர்வீஸ் வொர்க்கருக்கு (பின்னணியில் ஓடும் பகுதி) போய்ச் சேர்ந்தாலும், மல்லிகை விலைக்குப் பதிலாக ‘அன்டிஃபைன்ட்’ (மதிப்பு ஏதும் இல்லை) என்றே வருகிறது என்று முன்பு கேட்டிருந்தேன்.

நண்பர்கள் காட்டிய வழியில் தேடியதில் காரணம் பிடிபட்டது. நீட்சியின் தரவுச் சேமிப்பான ஸ்டோரேஜிலிருந்து விலையை எடுக்கச் சிறிது நேரம் ஆகும். அதற்குள், செய்தியைப் பெறும் ஃபங்ஷனான ஆன்மெசேஜ் லிசனர் ஓடி முடிந்துவிட்டால், பதில் வரும் வழியை உலாவி அடைத்துவிடுகிறது. லிசனரின் கடைசி வரியில் ‘ரிட்டர்ன் ட்ரூ’ என்று எழுதினால், பதிலை அனுப்பும் சென்ட்ரெஸ்பான்ஸ் அழைக்கப்படும் வரை அந்த வழி திறந்திருக்கும். லிசனரையே அசின்க் (நேரமெடுக்கும் வேலைக்குக் காத்திருக்கக்கூடிய) ஃபங்ஷன் ஆக்கினால் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அசின்க் ஃபங்ஷன் திருப்பித் தருவது, முடிவு பிறகு வரும் என்று குறிக்கும் ப்ராமிஸ்தானே தவிர ட்ரூ அன்று. பழைய குரோம் பதிப்புகள் அதை ஏற்பதில்லை என்பதால், அசின்க் வேலையைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்து லிசனருக்குள்ளிருந்து அழைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இன்னொன்றும் தெரிந்தது. குரோம் நீட்சிகளுக்கான மேனிஃபெஸ்ட் 3 முறையில், 30 விநாடிகள் வேலையின்றி இருந்தால் சர்வீஸ் வொர்க்கர் நிறுத்தப்படும். குளோபல் மாறியில் (நிரல் ஓடும்போது மட்டும் இருக்கும் நினைவு) வைத்த விலையும் அத்துடன் போய்விடும். அதனால் விலையை வொர்க்கர் நின்றாலும் அழியாத ஸ்டோரேஜ் செஷனுக்கு மாற்றிவிட்டேன். கன்டென்ட் ஸ்கிரிப்ட் அதை இயல்புநிலை அமைப்பில் நேரடியாகப் படிக்க முடியாது என்பதால், செய்தி அனுப்பும் பகுதி அப்படியே தொடர்கிறது.