எழுதி வைக்காத மெட்டு எப்படித் தங்குது?

கேள்வி:
அயர்லாந்துல கிளேர் மாவட்டம் எனிஸ்ல நர்ஸா இருக்கேன். நைட் டியூட்டி இல்லாத நாள்ல ஒரு பப்ல ஓரமா உட்கார்ந்து பாட்டு கேட்பேன். ஃபிடில் (வயலின்), கான்செர்ட்டினா (கையால விரிச்சு அழுத்தி வாசிக்கிற சின்னத் துருத்திப் பெட்டி), குழல். யார் முன்னாடியும் ஒரு தாள்கூடக் கிடையாது. ஒருத்தர் ஆரம்பிப்பார், தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா சேர்ந்துக்குவாங்க. ஃபிடில் வாசிச்ச தாத்தாகிட்ட மெட்டோட பேர் கேட்டேன். பேர் மறந்துடுச்சு, யார்கிட்ட கத்துக்கிட்டார்னு மட்டும் சொன்னார். இதெல்லாம் எப்படிங்க அழியாம வந்துச்சு?

பதில் 1:
மெட்டு மாதிரியே வாய்வழியா வந்த கதைகளைக் கொஞ்சம் எழுதியும் வெச்சாங்க. 1935ல அரசு நாட்டார் வழக்காறு ஆணையம் அமைச்சுது. ஊர் ஊராப் போனவங்க எடிஃபோன் கருவியில, மெழுகு உருளைகள்ல கதைகளைப் பதிஞ்சாங்க. எழுதி எடுத்ததும் மெழுகைச் சீவி அடுத்த கதைக்கு வெச்சுக்கிட்டாங்க, காசு இல்லை. வார்த்தை தங்குச்சு, குரல் போயிடுச்சு. எனக்கு இன்னும் மனசு ஆறல. 1937-39ல பள்ளிப் பிள்ளைங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதினது தனி. டூகஸ் (duchas.ie) இணையதளத்துல அந்தப் பிஞ்சுக் கையெழுத்தையே பார்க்கலாம், அவசியம் பாருங்க.

பதில் 2:
அயர்லாந்துலயே கெர்ரி மாவட்டத்துல ஷான் ஓ கொனல்னு ஒரு கதைசொல்லி. பள்ளிக்கூடம் போகாதவர், ஐரிஷ் மட்டும்தான் தெரியும். கடைசிக் காலத்துல கேட்க ஆளில்லை. கதை மறந்துடக் கூடாதுன்னு, சந்தையில இருந்து திரும்புறப்ப குதிரைக்குப் பின்னால நடந்துக்கிட்டே தனக்குத்தானே சொல்லிக்குவாராம். 1931ல இறந்தார். அதுக்குள்ள அவர் கதைகளை எழுதி எடுத்துட்டாங்க.

கேட்டவர்:
நன்றிங்க. வர்ற வியாழன் அந்தத் தாத்தாகிட்ட, அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பத்தி நிதானமா கேட்கப் போறேன். சம்மதிச்சா போன்ல பதிஞ்சுக்குவேன்.