காபி மேக்கர் படுத்திய பாடு: உங்கள் வீட்டில் நடந்தது என்ன?

கூடல்நகர்வாசி

சொட்டுச் சொட்டாக டிகாக்‌ஷன் இறங்கும் சாதாரண மின்சாரக் காபி மேக்கர்தான். அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்த பிறகு கொதிக்கும் வெந்நீரைத் தூக்கி ஃபில்டரில் ஊற்ற வேண்டாம் என்று வாங்கிக் கொடுத்தேன். போன கோடையில் அது சீறத் தொடங்கியது. ஆவி நிறைய வந்தது, டிகாக்‌ஷன் அரை டம்ளர்கூட இறங்கவில்லை, தொட்டியில் பாதித் தண்ணீர் அப்படியே நின்றது. பழுது பார்க்கும் கடைக்கு இருவருமாக எடுத்துப் போனோம். அந்த மெக்கானிக் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. காதருகே வைத்துக் குலுக்கிவிட்டு, "மோட்டார் போய்விட்டது ஐயா, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். அப்பா தலையாட்டினார்.

அந்த வகை இயந்திரத்தில் மோட்டாரே கிடையாது. தொட்டித் தண்ணீர் ஒருவழி வால்வு வழியாக அடியில் உள்ள வளைந்த அலுமினியக் குழாய்க்குள் இறங்குகிறது. அதை ஒட்டியிருக்கும் கம்பிச்சுருள் சூடாக்க, கொதித்து எழும் ஆவிக் குமிழிகள் தண்ணீரை மேலே தள்ளுகின்றன. அவ்வளவுதான் அதன் வித்தை. இரவு பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, அடித்தகட்டைக் கழற்றினேன். ரப்பர் குழாயை உருவியதும் உடைந்த முட்டையோடு போல வெள்ளைச் சில்லுகள் மேசையில் கொட்டின. எங்கள் தெருவின் போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் படியும் அதே சுண்ணாம்பு. குழாய் குறுகிப்போனதால் தண்ணீர் ஏறவில்லை. உப்புப் படிவத்தைத் தாண்டிச் சூடு தண்ணீருக்குப் போய்ச் சேராததால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் முன்கூட்டியே மின்சாரத்தைத் துண்டித்துக்கொண்டிருந்தது. எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) தண்ணீரில் கரைத்து ஊற்றி, பாதி இறங்கியதும் நிறுத்தி ஊறவிட்டு, மீண்டும் ஓட்டினேன். பிறகு வெறும் தண்ணீரில் பல முறை அலசினேன். இன்றுவரை ஓடுகிறது.

மனதில் கிடந்து அரிப்பது அப்பா தலையாட்டியதுதான். பஞ்சாலையில் காலமெல்லாம் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவர். எந்த நூற்கும் கதிர் எங்கே சிக்குகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வார். அவரிடம் அந்த ஆள் ஒரு திருகையாவது கழற்றிக் காட்டியிருக்க வேண்டாமா?

வில்லாபுரம் மீனா

எங்கள் வீட்டில் நடந்தது அழகர் ஆற்றில் இறங்கும் நாளில். விடிகாலையில் கிளம்ப வேண்டும், திண்டுக்கல்லில் இருந்து வந்த சித்தி குடும்பம் முழுவதும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மதினி அவசரத்துக்கு வழக்கமான ஃபில்டர் காபித்தூளையே மெஷினில் போட்டுவிட்டார். சிக்கரி கலந்த, மைபோல அரைத்த தூள். சல்லடைக் கூடை நிரம்பி, தூளும் டிகாக்‌ஷனும் சேர்ந்த சேறு விளிம்பைத் தாண்டி மேடையில் வழிந்து, புளியோதரைப் பாத்திரத்துக்குள் இறங்கியது. சித்தி வாயைத் திறக்காமல் துணியை எடுத்துத் துடைத்தார். அந்த மௌனம் இன்னும் என்னை விடவில்லை.

சிக்கரி தண்ணீர் பட்டதும் ஊறி உப்பி, துளைகளை அடைத்துவிடும். நம் ஃபில்டரில் டிகாக்‌ஷன் மெதுவாக இறங்க அது உதவுகிறது. மெஷினிலோ தண்ணீர் தன் வேகத்தில் மேலே விழுந்துகொண்டே இருக்கும், தூளுக்காகக் காத்திருக்காது. இப்போது மெஷினுக்கென்று சிக்கரி இல்லாத தூளை, ரவைப் பதத்தில் தனியாக அரைத்து வாங்குகிறோம்.

திருநகர் மின்பணியாளர் (ஓய்வு)

கூடல்நகர் தம்பி சொன்னது சரி, ஆனால் பாதிதான் சரி. மோட்டார் கிடையாது என்பது சொட்டு இயந்திரத்துக்குத்தான். எஸ்பிரஸோ இயந்திரங்கள் பலவற்றில் பம்ப் உண்டு. தொட்டி காலியான பிறகும் ஓடவிட்டால் பம்பில் காற்று அடைத்துக்கொள்ளும். உறுமும், தண்ணீர் வராது. அதையும் பழுது என்று தூக்கி எறிகிறார்கள். தொட்டியை நிரப்பி, ஆவிக்குழாயைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

என் அனுபவம் வேறு. தெரிந்தவர் வீட்டில் காபி மேக்கரில் கருகல் வாடை வருகிறது என்று கூப்பிட்டார்கள். அடித்தகட்டைத் திறந்தேன். சூடு மிஞ்சினால் அறுந்து மின்சாரத்தை நிறுத்தும் தெர்மல் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் பார்த்தவர் செய்த வேலை. சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருந்தது. அந்த வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது.

ஆகவே எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் சூடு ஏறினால் அணைத்து, ஆறினால் மீண்டும் போடும். அது ஒட்டிக்கொண்டு அணையாமல் போனால் கடைசிக் காவல் அந்தத் தெர்மல் ஃபியூஸ்தான். ஒருமுறை அறுந்தால் மறுபடி சேராது, மாற்றித்தான் ஆக வேண்டும். அதன்மேல் வெப்ப அளவும் ஆம்பியரும் அச்சிட்டிருக்கும். அதே அளவில் வாங்குங்கள். பற்றவைக்கக் கூடாது, ஏனென்றால் பற்றவைக்கும் சூட்டிலேயே புது ஃபியூஸ் அறுந்துவிடும். உலோக உறை வைத்து அழுத்தித்தான் இணைக்க வேண்டும். ஏன் அறுந்தது என்று பார்க்காமல் ஃபியூஸை மட்டும் மாற்றுவதும் வேலையாகாது. பாதி நேரம் தெர்மோஸ்டாட்தான் காரணமாக இருக்கும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் சாக்கெட்டில் எப்படியாவது சொருகுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எர்த் இல்லாமல் தண்ணீரோடு புழங்கும் சாதனத்தை ஓட்டாதீர்கள். பாத்திரம் வைக்கும் தட்டை ஈரத்துணியால் துடைக்கும்போதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மீனா வீட்டில் டிகாக்‌ஷன் வழிந்தது அடித்தகட்டுக்குள் இறங்கியிருந்தால் உள்ளே காய்ந்து ஒட்டியிருக்கும், ஒருமுறை திறந்து பாருங்கள்.

வில்லாபுரம் மீனா

ஐயா, மறுநாளே திறந்து துடைத்துவிட்டோம். அந்தக் குழந்தை இருந்த வீட்டில் மெஷினை மாற்றினார்களா?

திருநகர் மின்பணியாளர் (ஓய்வு)

வயரை வெட்டி என் கையோடு கொண்டுவந்துவிட்டேன். வயர் இல்லாமல் யாரும் ஓட்ட முடியாதல்லவா.

மேலூர் மருமகள்

இவ்வளவு சிரமம் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அப்பத்தா காலத்துப் பித்தளை ஃபில்டர் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். டிகாக்‌ஷன் இறங்கவில்லை, துளை அடைத்துவிட்டது என்று, உதவிக்கு வந்த உறவுக்காரப் பெண் மேல் அடுக்கைக் காலியாக அடுப்புத் தீயில் காட்டினாள். எவர்சில்வர் ஃபில்டரை எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், அடைத்த தூள் எரிந்து உதிர்ந்துவிடும். ஆனால் அது உள்ளே ஈயம் பூசிய பித்தளை. நான் ஓடி வருவதற்குள் வெள்ளி நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் அடித்தட்டில் திரண்டு ஓடின. பூச்சு முழுவதும் உருகிவிட்டது.

பூசுவது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகும். உள்ளே தண்ணீர் இருந்தால் பாத்திரத்தின் சூடு நூறைத் தாண்டாது. காலியாகக் காட்டினால் காப்பாற்ற வழியே இல்லை. பூச்சு இல்லாத பித்தளையில் டிகாக்‌ஷனின் புளிப்புக்குக் களிம்பு ஏறும், குடிக்கக் கூடாது. முன்பெல்லாம் தெருவிலேயே துருத்தி வைத்து ஈயம் பூசுவார்கள். இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். மதுரையில் யாராவது பூசுகிறார்கள் என்றால் தயவுசெய்து சொல்லுங்கள்.

அய்யர் பங்களா பார்த்தவர்

மேலூர் அக்கா, பூசுபவரைப் பற்றி எனக்குத் தெரியாது, விசாரிக்கிறேன். ஆனால் "சிரமம் எதற்கு" என்பதை ஏற்க மாட்டேன். கூடல்நகர் அண்ணன் அப்பாவுக்காக வாங்கியதைப் படித்தீர்கள்தானே. கை நடுங்குகிறவர் தாமே காபி போட்டுக் குடிப்பது சின்ன விஷயமா?

என் கதை மோகா பாட். மகள் வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்தாள். அடியில் தண்ணீர், நடுவில் தூள், அடுப்பில் வைத்தால் அழுத்தத்தில் டிகாக்‌ஷன் மேலே ஏறும். ஒரு நாள் ஏறவில்லை. சத்தமும் இல்லை, ஆவியும் இல்லை. மனைவி மூடியைத் திருகப் போனார். கையைத் தட்டிவிட்டு அடுப்பை அணைத்தேன். முழுக்க ஆறிய பிறகு திறந்தால், அடிப்பாத்திரத்தின் பக்கவாட்டில் இருக்கும் பாதுகாப்பு வால்வு வெள்ளைப் படிவத்தால் இறுகிப்போயிருந்தது. அழுத்தம் மிஞ்சினால் அதுதான் திறக்க வேண்டும். தூளையும் மைபோல அரைத்து, மேலே அழுத்தி வேறு வைத்திருந்தார்கள். இரண்டு வழியும் அடைபட்ட பாத்திரம் அடுப்பில் இருந்தது! நடுவில் ஆடும் சின்ன முளை உள்ள வால்வு என்றால் கழுவும்போதெல்லாம் விரலால் அசைத்துப் பாருங்கள். தண்ணீரை வால்வுக்குக் கீழே நிறுத்துங்கள். ரப்பர் வாஷர் விறைத்துவிட்டால் மாற்றுங்கள்.

கூடல்நகர்வாசி

நன்றி தம்பி. என் உறவினர் ஒருவர் எலுமிச்சை உப்புக்குப் பதில் புளிக்கரைசல் ஊற்றலாம் என்கிறார். செய்யலாமா?

திருநகர் மின்பணியாளர் (ஓய்வு)

வேண்டவே வேண்டாம். புளியின் சக்கை அந்தக் குழாயிலேயே போய் உட்காரும். எலுமிச்சைச் சாறிலும் அதே தொல்லை. வினிகர் வேலை செய்யும், ஆனால் வாடை போக நாளாகும். ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி எலுமிச்சை உப்பு போதும். அதிகம் போட்டுக் கொதிக்கவிட்டால் அதுவே சுண்ணாம்போடு சேர்ந்து வேறொரு படிவமாக ஒட்டிக்கொள்ளும். படிவம் அதிகம் என்றால் அளவைக் கூட்டாதீர்கள், அதே அளவில் இன்னொரு முறை செய்யுங்கள். வைகைத் தண்ணீர் வரும் நாளில் அதைப் பிடித்து வைத்துக் காபிக்கு மட்டும் பயன்படுத்தினால் இந்த வேலையும் குறையும்.