அண்ணனின் கைநடுக்கம்: வீட்டிலேயே குடியை நிறுத்தலாமா?

கேள்வி (கோத்தகிரி):
எங்கள் அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். பத்து ஆண்டுகளாகத் தினமும் குடிக்கிறார். இப்போது பல் துலக்கும் முன்பே ஒரு கட்டிங் உள்ளே போகாவிட்டால், டம்ளரிலுள்ள தேநீர் சட்டையில் சிந்தும் அளவுக்குக் கை நடுங்குகிறது. உறைபனிக் காலமாயிற்றே, குளிர்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். சென்ற மாதம் அம்மாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து நிறுத்தினார். மூன்றாம் நாள் இரவு, கம்பளியில் எறும்பு ஊர்கிறது என்று விடிய விடியத் தட்டிக்கொண்டிருந்தார். இறந்துபோன அப்பா வாசலில் நிற்பதாகச் சொல்லி அழுதார். பயந்துபோன சித்தப்பா ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்த பிறகே அடங்கினார். மறுபடியும் நிறுத்த வேண்டுமென்று இப்போது அண்ணனே கேட்கிறார். அறையில் பூட்டி நான்கு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் சித்தப்பா. அது சரியா?

பதில் (குன்னூர், ஓய்வுபெற்ற செவிலியர்):
பூட்டி வைக்காதீர்கள், அம்மா. நாள்தோறும் இறங்கும் மது மூளையை மந்தப்படுத்துவதால், அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டியே வைத்திருக்கும்; மது திடீரென்று நின்றால் அந்த வேகத்துக்குக் கடிவாளம் இராது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 48 மணி நேரத்துக்குப் பிறகு, உங்கள் அண்ணனுக்கு நேர்ந்ததைப் போல, இல்லாதவை கண்ணுக்குத் தெரியலாம். கவனிக்காமல் விட்டு உயிர் போனதும் உண்டு. மருத்துவமனையில் மூளையின் அந்த வேகத்தைத் தணிக்கும் டையசிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் அதன் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் என்னும் பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். அந்தச் சத்து வற்றிய உடம்பில் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். ஆகவே, பக்கத்துக் கிளினிக்கில் குடியை மறைத்து ‘உடம்பு அசதி’ என்று சொல்லி ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை அவராக அடியோடு நிறுத்த வேண்டாம்.

பதில் (கூடலூர்):
நான் குடியை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. குளிருக்கு இதமாக இருக்கிறது என்றுதான் நானும் தொடங்கினேன். மது தோலுக்கு இரத்தத்தைக் கொண்டுவந்து சூடேறியதாகக் காட்டுமே தவிர, உள்ளிருக்கும் வெப்பம் அவ்வழியே வெளியேறிவிடுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாம்பாரில் தெரியாமல் கலந்து கொடுங்கள் என்று யாராவது மாத்திரை தந்தால் வாங்காதீர்கள். என் வீட்டில் அப்படித்தான், குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைக் கலந்தார்கள். விஷயம் தெரியாமல் ஒரு துக்க வீட்டில் குடித்தேன். பத்தே நிமிடத்தில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்துச் சாய்ந்தேன். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து இருக்கும் என்று மருத்துவர் பிறகு சொன்னார். ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. அண்ணனையே பேசச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
திங்கட்கிழமை அழைத்துப் போகிறோம், அண்ணனும் சம்மதித்துவிட்டார். அதற்குள் வலிப்பு வந்தால் என்ன செய்வது?

பதில் (குன்னூர்):
உடனே 108-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவியோ, வாயில் கரண்டியோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். எப்போது தொடங்கியது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அதைக் கேட்பார்.