எந்த விலங்குக்கு எந்த அழைப்பொலி: உறுப்பினர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பகிர்வு

வேட்டையில் விலங்கை அருகே வரவழைக்கும் அழைப்பொலிக் கருவி வாங்கும்போது அதன் ஓசை அந்த விலங்கின் குரலை எவ்வளவு அச்சு அசலாக ஒத்திருக்கிறது என்பதை மட்டுமே நான் பல ஆண்டுகள் பார்த்துவந்தேன். அது போதாது என்று எனக்குப் புரியவைத்தது ஒரு காட்டு வான்கோழிச் சேவல். அதை இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் தாங்கள் கண்டதைச் சேர்க்க வேண்டுகிறேன்.

அப்போது என்னிடம் இருந்தது மரப்பெட்டிக் கருவி. மூடியின் அடிப்பக்கத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, மூடியைப் பெட்டியின் மெல்லிய விளிம்பின்மேல் இழுத்தால் பெட்டைக்கோழி கூப்பிடும் ஓசை எழும். வெகுதூரம் கேட்கும், பழகுவதும் எளிது. இளவேனிற்காலத்து விடியலில், மரத்தில் அடைந்திருந்த சேவல் ஒன்று என் ஒவ்வொரு அழைப்புக்கும் பதில் கொடுத்தது. கீழே இறங்கி ஏறத்தாழ அறுபது கெஜ தூரம் வரை வந்து, தோகையை விரித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. வான்கோழிகளில் பொதுவாகப் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும் என்பதால், அது என்னை எதிர்பார்த்து நின்றதில் வியப்பில்லை. நான் இன்னும் ஒருமுறை கூப்பிட நினைத்து மூடியை அசைத்தேன். இரண்டு கைகளும் வேண்டிய கருவி அது. வான்கோழியின் கண் எவ்வளவு கூர்மையானது என்பதை அந்த நொடியில் தெரிந்துகொண்டேன்; சேவல் இருந்த இடத்தில் வெறும் புல்தான் இருந்தது.

அதன்பின் மேலண்ணத்தில் பொருத்தி ஊதும் சவ்வுக் கருவியைப் பழகினேன். குதிரைலாட வடிவச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய ரப்பர் சவ்வு அது. முதல் இரண்டு வாரங்கள் குமட்டலைத் தவிர எதுவும் வரவில்லை. ஆனால் கைகள் அசையாமல் இருக்கலாம், மழையில் நனைந்தாலும் கெடாது. இப்போது தொலைவுக்கும் காற்று வீசும் நாளுக்கும் பெட்டி, நடுத்தூரத்து மென்மையான கொக்கரிப்புக்குக் கற்பலகையில் குச்சியை உராயும் கருவி, கடைசி நெருக்கத்துக்குச் சவ்வு என்று மூன்றையும் வைத்திருக்கிறேன். விடியலில் ஆந்தைபோல் ஒலிக்கும் ஊதல் ஒன்றும் உண்டு. அது சேவலை வரவழைப்பதற்கு அன்று. திடீர் ஓசைக்குத் தன்னையறியாமல் கத்தும் சேவல் எந்த மரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு.

இரண்டாம் உறுப்பினர்

வாத்து வேட்டையில் என் தவறு வேறுவிதமானது. ஒற்றை நாக்கு உள்ள அக்ரிலிக் ஊதலைத் தேடிப் பிடித்து வாங்கினேன். ஊதலுக்குள் அதிரும் மெல்லிய தகட்டைத்தான் நாக்கு என்கிறேன். ஒரே நாக்கு இருந்தால் ஓசையின் ஏற்ற இறக்கம் அதிகம், உரப்பும் அதிகம். ஆனால் மூச்சைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் கையில் அது கிறீச்சிடும். இரட்டை நாக்கு அவ்வளவு உயரம் போகாது. எனினும் கரகரப்பான இயல்புக் குரல் எளிதில் வரும். அக்ரிலிக்கின் ஓசை கூர்மையாக இருக்கும், திறந்த நீர்ப்பரப்பின்மேல் காற்றை மீறிச் செல்லும்; மரத்தின் ஓசை தணிந்து குழைவாக இருக்கும், ஆனால் மரம் ஈரம் குடித்தால் உப்பிக்கொள்ளும்.

இவை எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தும், காற்றே இல்லாத ஒரு காலையில், மரங்கள் சூழ்ந்த சிறிய குட்டையில் அமர்ந்து, தலைக்குமேல் வட்டமிட்ட மல்லார்ட் என்னும் காட்டு வாத்துக் கூட்டத்தை நோக்கி முழு மூச்சில் ஊதினேன். கூட்டம் அப்படியே மேலெழும்பிப் போய்விட்டது. உடன் வந்திருந்த மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டம் வந்தபோது தம் பழைய இரட்டை நாக்கு மர ஊதலில் மூன்று நான்கு மெல்லிய ஒலிகளை மட்டும் எழுப்பினார், அதுவும் வாத்துகள் எங்களுக்கு வால் காட்டித் திரும்பியபோது மட்டும். எங்களை நோக்கி வரும்போது அவர் வாயைத் திறக்கவே இல்லை. நேராக வரும் பறவையை எதற்குக் கூப்பிட வேண்டும் என்பது அவர் கேள்வி. அவை இரண்டு சுற்றுச் சுற்றி, நாங்கள் நீரில் மிதக்கவிட்டிருந்த பொம்மை வாத்துகளின் நடுவே இறங்கின.

இன்னொன்று. நாம் வாத்தின் குரல் என்று நினைக்கும் அந்த உரத்த ஒலி மல்லார்ட் பெட்டையுடையது. ஆணின் குரல் தணிந்த கரகரப்பு மட்டுமே. ஊசிவால் வாத்தின் ஆண் சீழ்க்கை அடிக்கும். இதை அறியாமல் ஒரு பருவம் முழுவதும் ஊசிவால்களைப் பார்த்து மல்லார்ட் பெட்டையாகக் கத்திக்கொண்டிருந்தேன். இப்போது விலை மலிந்த சிறு சீழ்க்கை ஒன்றைக் கழுத்துக் கயிற்றில் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். பனி உறையும் நாளில் எச்சில் உறைந்து ஊதலின் நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது அதுவே கைகொடுக்கிறது.

மூன்றாம் உறுப்பினர்

என் அனுபவம் எல்க் மானைப் பற்றியது. இணைசேரும் பருவத்தில், பெட்டைகளின் கூட்டத்தோடு இருந்த பெரிய ஆண் ஒன்றை நீண்ட குழாயில் ஊதி அறைகூவினேன். சண்டைக்கு வரும் என்று எதிர்பார்த்தேன். அதுவோ பதிலுக்கு ஒருமுறை பிளிறிவிட்டுத் தன் பெட்டைகளை எல்லாம் ஓட்டிக்கொண்டு மலைமுகட்டைத் தாண்டிப் போயிற்று. வெல்ல வேண்டிய தேவையே அதற்கு இல்லை. வைத்திருப்பதைக் காத்தால் போதும். மறுநாள் குழாயைத் தொடாமல் பெட்டையின் மெல்லிய கூவலை மட்டும் எழுப்பியபோது, பெட்டைகள் இல்லாமல் ஒதுங்கித் திரிந்த இளம் ஆண் ஒன்று சத்தமே இல்லாமல் என் பின்னால் வந்து நின்றது. வெள்ளைவால் மானுக்கும் இதே கதைதான்: பருவம் உச்சத்துக்கு வருமுன்பே நாம் கையில் பிடித்த கொம்புகளை மோதி ஆரவாரம் செய்தால் இளம் ஆண்கள் மிரண்டு ஓடுவதைக் கண்டிருக்கிறேன். அந்த நாள்களில் ஒரு சிறு உறுமலே போதும்.

நான்காம் உறுப்பினர்

மேலே சொன்னவை எல்லாம் துணையையோ இனத்தையோ தேடி வருபவை. கயோட்டி (ஓநாயைவிடச் சிறிய வட அமெரிக்கக் காட்டுநாய்), நரி, காட்டுப்பூனை போன்றவை பசியால் வருகின்றன. ஆகவே இங்கே தேவைப்படுவது இரையின் ஓலம். நாக்கு உள்ளே மூடியிருக்கும் ஊதல் ஒரே வகை முயல் அலறலைத் தரும், எவரும் ஊதலாம். நாக்கு திறந்திருக்கும் ஊதலில் உதட்டை நகர்த்தி முயல், பறவை, கயோட்டியின் ஊளை என எல்லாவற்றையும் எழுப்பலாம், ஆனால் நிறைய உழைக்க வேண்டும். நரி அருகில் வந்துவிட்டால் எந்தக் கருவியும் வேண்டாம். புறங்கையை உதட்டில் வைத்து உறிஞ்சினால் வரும் எலியின் கீச்சொலி போதும்.

கயோட்டி நேராக வருவதைவிட, வளைந்து சுற்றி, நம் வாடையைக் காற்று கொண்டுசெல்லும் பக்கம் போய் மோப்பம் பிடிப்பதே அதிகம். அதனால் பதிவுசெய்த ஒலியை எழுப்பும் மின்னணுக் கருவியின் ஒலிபெருக்கியை என்னிடமிருந்து நாற்பது கெஜம் தள்ளி வைப்பேன். கயோட்டியின் கண்ணும் காதும் அங்கே இருக்கும். இத்தகைய கருவியை எல்லா விலங்குக்கும் பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் வாத்து போன்ற வலசைப் பறவைகளை வேட்டையாடப் பதிவுசெய்த ஒலியையும் மின்சாரத்தால் பெருக்கிய ஒலியையும் பயன்படுத்துவதைக் கூட்டரசு விதி பொதுவாகத் தடைசெய்கிறது. மற்ற விலங்குகளுக்கு மாநிலந்தோறும் விதி மாறும்.

காட்டுப்பூனைக்குப் பொறுமைதான் கருவி. ஒருமுறை இருபது நிமிடம் ஊதிவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று எழுந்தேன். முப்பது அடி தூரத்தில், புதருக்கு அருகே, பூனை அமர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எப்போது வந்தது என்று அதற்குத்தான் தெரியும்.

தொடங்கியவரின் மறுமொழி

எல்க் குறித்து எழுதியவருக்கு நன்றி. அறைகூவல் பற்றி நானும் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். சேவலின் கத்தலையே எழுப்பும் கருவி ஒன்றையும் நான் வாங்கியிருந்தேன். பொறாமை கொண்டு வேறொரு சேவல் வரும் என்பது கணக்கு. பலரும் வேட்டையாடும் காட்டில் அதை இருமுறை பயன்படுத்திய சிறிது நேரத்தில், புதர்களுக்கு இடையே ஒரு மனிதர் துப்பாக்கியோடு குனிந்தபடி என்னை நோக்கி வருவதைக் கண்டேன். உரக்கக் குரல் கொடுத்து அவரை நிறுத்தினேன். அவர் என்னைவிட அதிகமாக நடுங்கினார். அந்தக் கருவி இப்போது என் வீட்டு இழுப்பறையில் இருக்கிறது.